சீஸ் கப் கணக்கா, கிராம் கணக்கா? உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவ வந்ததுல பாதி கேள்வி சீஸ் அளவு பத்திதான், எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துட்டேன்.

ரெசிபில 8 அவுன்ஸ் க்ரீம் சீஸ்னு போட்டிருக்கு. எடை மெஷின் இல்ல, எத்தனை கப் எடுக்கணும்?

ஒரு கப் எடுங்க, சரியா இருக்கும். 8 அவுன்ஸ்னா 227 கிராம், அமெரிக்கன் கப் (237 மில்லி) நிறைய க்ரீம் சீஸ் வச்சா கிட்டத்தட்ட 230 கிராம் வரும். ஆனா ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட கட்டியா திணிச்சீங்கன்னா ஓரத்துல, அடியில எல்லாம் காத்து மாட்டிக்கும், பாக்க கப் நிறைஞ்ச மாதிரி இருக்கும் உள்ள சீஸ் கம்மியா இருக்கும். கொஞ்ச நேரம் வெளிய வச்சு இளக விட்டு, கரண்டியால அழுத்தி, மேல கத்தியால வழிச்சு விடுங்க. பாக்கெட்ல கட்டியா வந்ததுன்னா கப்பே வேணாம்ங்க, எடை கவர்லயே இருக்கும், பாதி வேணும்னா பாதியா வெட்டிக்கோங்க. இதவிட சுலபமான வழி எனக்கு தெரியாது.

டப்பாவுல வர்ற விப்டு க்ரீம் சீஸையும் அதே கப் கணக்குல போடலாமா?

கூடாது. அதுல காத்த அடிச்சு ஏத்தியிருக்காங்க. கட்டி சீஸ் 2 டேபிள்ஸ்பூன் 29 கிராம் இருந்தா இது 20 கிராம் சொச்சம்தான், அப்ப கப் கணக்குல போட்டா மூணுல ஒரு பங்கு சீஸ் காணாம போயிடும். எடை போட்டு சேர்த்தா டிப்புக்கு ஓகே. சீஸ்கேக்குக்கு நான் எடை போட்டும் சேர்க்க மாட்டேன், கட்டி சீஸ்தான் நல்லா செட் ஆகும்.

ரிக்கோட்டாவ வடிச்சிட்டு அளக்கணுமா, அளந்துட்டு வடிக்கணுமா?

நல்ல கேள்வி, நிறைய பேர் சொதப்புறது இங்கதான். வடிக்காம ஒரு கப் 245, 250 கிராம் இருக்கும். துணில கட்டி தொங்க விட்டா தண்ணி இறங்க இறங்க எடையும் குறையும், அளவும் சுருங்கும், எவ்வளவுன்னு ஒரே கணக்கா சொல்ல முடியாது, ஒவ்வொரு பிராண்டுக்கும் மாறும். அதனால ரெசிபி "வடிச்ச ரிக்கோட்டா 250 கிராம்"னு கேட்டா முதல்லயே கூடுதலா வாங்கி வடிச்சிட்டு அப்புறம் எடை போடுங்க. வடிக்கிறத பத்தி பேச்சே இல்லன்னா டப்பாவுல இருந்து அப்படியே அளந்துக்கோங்க, மேல தண்ணி நின்னா மட்டும் சாய்ச்சு ஊத்திடுங்க.

200 கிராம் ஃபெட்டா எத்தனை கப்?

உதிர்த்ததுன்னா ஒண்ணேகால் கப்புக்கு கொஞ்சம் மேல. ஒரு கப் 150 கிராம்னு வச்சுக்கலாம், ஆனா பெரிய துண்டா உதிர்த்தா நடுவுல இடைவெளி விழுந்து 130க்கு இறங்கிடும், பொடியா உதிர்த்து அமுக்கினா ஏறிடும். சாலட்ல இதுக்கெல்லாம் கவலப்படாதீங்க.

அவுன்ஸ்ல ரெண்டு இருக்காமே, சீஸுக்கு எது?

எடை அவுன்ஸ், 28.35 கிராம். ஃப்ளூயிட் அவுன்ஸ் பால், தண்ணி மாதிரி ஊத்துற ஐட்டத்துக்கு.

மஸ்கார்போன் 3 டேபிள்ஸ்பூன் எத்தனை கிராம்?

தலை தட்டின 15 மில்லி ஸ்பூன்னா 43, 45 கிராம். ஆஸ்திரேலியா ரெசிபியா இருந்தா அங்க டேபிள்ஸ்பூன் 20 மில்லி, அப்ப 60 கிராம் பக்கம் போயிடும், ரெசிபி எந்த ஊர்துன்னு பாத்துட்டு போடுங்க.