குளோரின் பட்டால் ஆர்ஓ மெம்பரேன் ஏன் கெடுகிறது?

கிருமியைக் கொல்லத்தானே குளோரின், அது மெம்பரேனை எப்படிக் கெடுக்கும் என்று பலரும் கேட்கிறார்கள்.

மெம்பரேன் என்பது ஆர்ஓ குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு. கைக்குத் தடித்த தாள் போலத் தெரியும். ஆனால் உப்பைத் தடுப்பது அதன் மேலுள்ள பாலிஅமைடு படலம் மட்டுமே. தடிமன் சுமார் 0.2 மைக்ரான், தலைமுடியில் சில நூறில் ஒரு பங்கு.

பாலிஅமைடு நைலானுக்கு உறவு. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, நைட்ரஜனில் ஒட்டிய ஹைட்ரஜன் உதவுகிறது. குளோரின் அந்த ஹைட்ரஜனை விரட்டிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். பிடி தளரும், போகப்போகச் சங்கிலியே அறுபடும். உப்பு புகுந்துவிடும்.

வெள்ளை வேட்டியை ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு மறந்த கதைதான். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உதறினால் கிழியும்.

பாதிப்பு சேர்ந்துகொண்டே போவதுதான் வம்பு. 0.5 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின் 2,000 மணி நேரம் பட்டால், அளவையும் நேரத்தையும் பெருக்கி 1,000 பிபிஎம்-மணி. அதற்கு முன்பே பல மெம்பரேன்கள் பழுதாகிவிடும். நீரில் இரும்பு இருந்தால் இன்னும் சீக்கிரம். குளோரினை 0.1 பிபிஎம்முக்குள் வைக்கச் சொல்வது அதனால்தான். வீட்டு இயந்திரத்தில் இந்தக் காவல் வேலை கார்பன் ஃபில்டருக்கு.

தண்ணீர் முன்பைவிட வேகமாக வருவதால் மெம்பரேன் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்: டிடிஎஸ்ஸும் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கூடவே ஏறினால் படலம் சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம், கழுவினாலும் அது மீளாது.