கடலும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. அன்று காலிமுகத்திடலில் கடலைப் பின்னணியாக வைத்துப் படமெடுக்க விரும்புகிறோம். ஒத்திகையாகப் போன வாரம் மாலையில் எடுத்த எல்லாப் படங்களிலும் முகம் கறுத்துவிட்டது. தெரிந்த ஒருவர், "பழைய கமராவில் இப்படித்தான் வரும். 85 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று மலிவாக எடுத்துத் தருகிறேன், உங்கள் மகன் அதிலேயே பறவைகளையும் எடுக்கலாம்" என்கிறார். வாங்கலாமா ஐயா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாங்காதீர்கள் அம்மா.

கொழும்புக்குக் கடல் மேற்கே. மாலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் பின்னால்தான் சூரியன் இருக்கும். பளிச்சென்ற வானத்தைப் பார்த்த கமரா, வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று கணக்குப் போட்டு முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. எத்தனை இலட்சம் ரூபா லென்ஸைப் பூட்டினாலும் அதன் கணக்கு மாறாது.

சுலபமான வழி, இருவரும் இடம் மாறுவது. மாலை நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் மகள் கடலைப் பார்க்கட்டும். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். முகத்தில் பொன் வெயில் விழும். பின்னால் புல்வெளியும் உயர்ந்த கட்டடங்களும் வரும். கடல்தான் வேண்டும் என்றால் காலையில் போங்கள், கிழக்கிலுள்ள உயர்ந்த கட்டடங்களின் நிழல் விலகிய இடமாகப் பார்த்து. விழா முடிந்த கையோடு நண்பகலில் மட்டும் வேண்டாம். நம் ஊரில் உச்சிவெயில் தலைக்கு மேலிருந்து இறங்கும். கண்கள் இரண்டும் குழிகளாகிவிடும்.

கடலும் வேண்டும், மாலையும் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், கமராவில் கூட்டல், கழித்தல் குறிகள் உள்ள பொத்தானைத் தேடிக் கூட்டல் பக்கம் 1 அல்லது 1½ வையுங்கள். கைபேசியானால் திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். முகம் தெளியும், வானம் வெளுக்கும். வானத்தின் நிறமும் போகக்கூடாது என்றால் இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று பிளாஷ் போடுங்கள். பகலில் எதற்குப் பிளாஷ் என்று பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும். பிளாஷ் இல்லாவிட்டால் வெள்ளை ரெஜிபோம் பலகை ஒன்றை மகளின் நெஞ்சுக்கு முன்னால், படத்தில் விழாமல், வானத்தைப் பார்க்கச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கைப்பலமுள்ள மைத்துனர் ஒருவர் பிடிப்பது நல்லது. காலிமுகத்திடல் காற்றில், பட்டம் வாங்கிய பிள்ளையை விட்டுவிட்டு அந்தப் பட்டத்தின் பின்னால் ஓட நேரும்.

ஒரு விலக்கு இருக்கிறது. நானே அதில் மாட்டியிருப்பதால் விரித்துச் சொல்கிறேன். மகள் கறுப்பு மேலங்கி அணிவாரானால், நீங்கள் கிட்டப் போய் மார்பளவுப் படம் எடுக்கும்போது படத்தில் பாதிக்கு மேல் அந்தக் கறுப்புத்தான் இருக்கும். இப்போது கமராவின் கணக்கு தலைகீழாகும். எல்லாம் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். அப்போது கழித்தல் பக்கம் ½ அல்லது 1 வைக்க வேண்டும். பின்னால் நகர்ந்து முழு உருவத்தை எடுத்தால் வானம் மறுபடி பெரிதாகும், மறுபடி கூட்டல். அதே உடை, அதே இடம், நாலடி நகர்ந்ததற்கே குறி மாறுகிறது. என் அக்காவின் மகளுக்கு எடுத்தபோது கழித்தலில் வைத்ததை மறந்து, பிறகு எடுத்த குடும்பப் படங்கள் அனைத்தையும் இருட்டாக்கினேன். இன்றும் அந்த வீட்டில் தேநீரோடு அந்தக் கதையும் வரும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் திரையில் வெயில் படாமல் கையால் மறைத்து, முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இனி அந்தத் "தெரிந்த ஒருவர்". 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்ட பிறகு புதுக் கமரா பலருக்கு எட்டாக்கனியாயிற்று. அந்த இடைவெளியில் முளைத்தவர்கள்தான் இந்த எடுத்துத் தருபவர்கள். "வெளிநாட்டு உத்தரவாதம்" என்பார்கள். பழுதானால் அந்தக் காகிதத்தை இங்கே யாரிடம் நீட்டுவது? முற்பணம் கொடுக்காதீர்கள். பழைய லென்ஸ் எதையும் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறு பக்கத்தால் பார்க்காமல் வாங்காதீர்கள். நம் ஈரக் காற்றில் அலுமாரியில் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படர்ந்திருக்கும். வெளியே துடைத்து மினுக்கிக் கொண்டுவருவார்கள்.

85 மில்லிமீற்றர் முகங்களுக்கு அருமையான லென்ஸ், மறுக்கவில்லை. பறவைக்கு அது போதாது. தலங்கம வாவியில் அக்கரைக் கொக்கு அரிசிமணி அளவில் விழும். மகனுக்குக் குறைந்தது 300 மில்லிமீற்றர் வேண்டும்; இந்த எண் ஏற ஏறத் தூரத்தில் உள்ளது பெரிதாக விழும். அதுவரை இரவல் வாங்கி, காலை ஆறரைக்குப் போய், ஷட்டரை 1/1000 வினாடியில் வைத்து, பறவையின் கண்ணில் குவியம் பிடித்துப் பழகட்டும்.

கடைசியாக, பொது இடங்களில் கைபேசியால் ஆயிரம் படம் எடுங்கள், எவரும் கேட்கமாட்டார்கள். கமராவைத் தாங்கும் முக்காலியை விரித்தால் காவலாளி வந்து அனுமதிக் கடிதம் கேட்பார். கடிதத்தை எங்கே எடுப்பது என்றால் அவருக்கும் தெரியாது. ஒருமுறை நானே ஒரு பூங்காவுக்காக அலைந்தேன்; மூன்று கருமபீடங்களும் ஒன்றையொன்று கைகாட்டின, நாலாவதில் மதிய உணவு நேரம். முக்காலியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.