ஊதினால் ஓடுமா பழைய கேசட்?

கேள்வி: 1990களில் என் அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டிவி கேம் பெட்டியும் மேரியோ கேசட்டும் வீட்டுப் பரணில் கிடைத்தன. கேசட்டை ஊதிச் செருகியும் திரையில் வெறும் கோடுகளே தெரிகின்றன. பிள்ளைகளின் நின்டெண்டோ ஸ்விட்சில் இதைப் போட முடியுமா?
– வாசகி ஒருவர், குளச்சல்

பதில்: முதலில் ஊதுவதை நிறுத்திவிடுங்கள். மூச்சிலுள்ள ஈரம் கேசட்டின் உலோக முனைகளில் படிந்து அவற்றை அரிக்கும். கடலோர ஊரான குளச்சலில் உப்புக்காற்று அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும். அன்று ஊதியதும் ஓடியதென்றால், கழற்றி மறுபடி செருகியபோது முனைகள் சரியாகப் பொருந்தியதே பெரும்பாலும் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் முனைகளை மெல்லத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருகிப் பாருங்கள்.

உங்களிடமிருப்பது, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகலாகவே இருக்கக்கூடும். அதற்குரிய 60 முனைக் கேசட்டை ஸ்விட்சின் சிறு துளையில் செருக வழியில்லை. ஆயினும், 1981-இல் டாங்கி காங் விளையாட்டில் தச்சனாக அறிமுகமாகிப் பின்னர் குழாய்ப் பணியாளனாக மாறிய மேரியோவின் 1985ஆம் ஆண்டு விளையாட்டான சூப்பர் மேரியோ பிரதர்ஸ், ஸ்விட்சின் சந்தாச் சேவையில் கிடைக்கிறது. வெறும் 40 கிலோபைட்டில் அடக்கப்பட்ட அதில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம்தான், நிறம் மட்டுமே வேறு. இதை நான் கவனிக்கவே பல ஆண்டுகள் ஆயின, உங்கள் பிள்ளைகள் எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.