வேலை விஷயமாக வெளிநாடு போகும்போது ஊரையும் சுற்றிப் பார்க்க முடியுமா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

முடியும். ஆனால் அதை விமானம் ஏறிய பிறகு யோசித்துப் பயனில்லை. ஓட்டல் அறை போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்தது மலேசியாவின் பினாங்கு மட்டும்தான், அதை வைத்தே சொல்கிறேன்.

கோவையில் உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை. வாடிக்கையாளர் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருக்கிறார். 1972-இல் இன்டெல் வந்து இறங்கியதிலிருந்து சிப் ஆலைகள் வரிசையாக நிற்கும் இடம் அது. முதல் முறை 'ஆலைக்குப் பக்கம், அலைச்சல் மிச்சம்' என்று அங்கேயே தங்கினேன். நாலு நாளும் அறை, ஆலை, அறை. திரும்பி வந்ததும் மனைவி "பினாங்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். "நம்ம சிட்கோ தொழிற்பேட்டை மாதிரிதான், கொஞ்சம் சுத்தமா" என்றேன்.

இரண்டாம் முறை பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனில், சூலியா வீதிக்குப் பக்கத்துச் சந்தில் அறை எடுத்தேன். பாயான் லெப்பாஸில் இருக்கும் விமான நிலையத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். தினமும் டாக்சிக் காசு கூடுதல்தான், மாலை நெரிசலில் எரிச்சலும் வரும். ஆனால் வண்டியை விட்டு இறங்கினாலே ஊருக்குள் நிற்கிறோம், தனியாகக் கிளம்பிப் போக வேண்டியதில்லை.

இன்னொரு வசதியை யாரும் சொல்ல மாட்டார்கள். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே இரவு பத்து என்றால் நம் உடம்புக்கு ஏழரைதான், தூக்கம் வராது. பொழுது சாய்வதும் ஏழு மணிக்கு மேல்தான் என்பதால், ஐந்தரைக்கு வேலை முடிந்தாலும் பினாங்கு மலை எனப்படும் கொடிமலைக்குப் போகும் ரயிலில் ஏறி வெளிச்சத்திலேயே ஊரைப் பார்க்கலாம். விடிகாலையில் எழுந்து கோவிலுக்குப் போகிறேன் என்ற வீராப்பெல்லாம் முதல் இரண்டு நாள் வேண்டாம். அங்கே காலை ஆறு என்றால் உடம்புக்கு மூன்றரை. தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. நான் மூன்றாம் நாள்தான் ஏறினேன்.

இரவில் நாசி கண்டார் கடைக்குப் போங்கள். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடி மாதிரி தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தூக்கி விற்ற சாப்பாடு. மலாயில் நாசி என்றால் சோறு, கம்பில் சுமப்பதற்குக் கண்டார் என்று பெயர். வாடிக்கையாளர் ஆலையின் மேற்பார்வையாளர், பட்டர்வொர்த் தமிழர், என்னைக் கூட்டிப் போனார். தட்டில் சோறு, கணவாய், வெண்டைக்காய் வைத்துவிட்டுக் கடைக்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்து "பாஞ்சிர் போடவாண்ணே?" என்றார். விழித்தேன். "வெள்ளம்னு அர்த்தம் சார், சரின்னு சொல்லுங்க" என்றார் நண்பர். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, இன்னும் ஏதோ கறுப்பாக ஒன்று, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிச் சோறு மூழ்கியே போனது. நம் ஊரில் இப்படிக் கலந்தால் அம்மா திட்டுவாள். அங்கே அதுதான் ருசி. பின்மேசையில் ஒரு சீனப் பையன், "அண்ணே, தே ஓ ஐஸ்!" என்று பாலில்லாத ஐஸ் டீ கேட்டுக் குரல் கொடுத்தான். அங்கே அண்ணே என்பது எல்லா இனத்துக்கும் பொதுச் சொல்.

சாப்பிட்டு நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியது. அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில். கடைப் பலகைகளில் 'கெடாய்' என்று மலாயில் எழுதியிருப்பதும் நம் கடைதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக மதிய இடைவேளை நீளும். அந்த நேரத்தில் ஜார்ஜ் டவுனுக்கு ஓடி வர முயலாதீர்கள். பாயான் லெப்பாஸ் பக்கமே பாம்புக் கோவில் இருக்கிறது. ஊதுபத்திப் புகைக்கு நடுவே கிளையில் பச்சை விரியன் சுருண்டு கிடக்கும். எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கத் தைரியமில்லை.

இனி என் தவறு. அந்த இரண்டாம் முறை யாரையும் கேட்காமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன். கணக்குப் பிரிவு அந்த நாள் அறை வாடகையோடு, விமான நிலையம் வந்த டாக்சிக் காசையும் சேர்த்தே வெட்டிவிட்டது. 'வேலை முடிந்த மறுநாள் பயணம் சொந்தப் பயணம்' என்றார்கள். டாக்சி எப்படியும் எடுத்திருப்பேன்தானே என்று வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. இப்போதெல்லாம் டிக்கெட் போடுவதற்கு முன்பே, எந்த நாள் வரை கம்பெனிச் செலவு, எதிலிருந்து என் செலவு என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுகிறேன். வேலை வெள்ளிக்கிழமை முடிகிற மாதிரி வைத்துக்கொண்டால், ஞாயிறு திரும்புவதற்கு மேலாளரும் பெரிதாக மறுப்பதில்லை.

தைப்பூச வாரத்தில் மட்டும் வேலையை வைக்காதீர்கள். வெள்ளி ரதம் போகும் வழியெல்லாம் தேங்காய் உடைத்துக் குவித்திருப்பார்களாம், அறை கிடைப்பதும் கஷ்டமாம். அதற்குத் தனியாக, லீவு போட்டு, மனைவியோடு போவதாகத் திட்டம். சிட்கோ கதையை அவள் இன்னும் மறக்கவில்லை.