கருப்பட்டியும் கவுனியும் சர்க்கரையை ஏற்றாதா?

கேள்வி: எனக்கு 28 வாரக் கர்ப்பம். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 168. வெறும் வயிற்றில் 88 தான். ஆனால் காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டு முடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 150ஐத் தாண்டுகிறது. “சீனிதான் ஆகாது, கருப்பட்டியும் கவுனி அரிசியும் சாப்பிடலாம்” என்கிறார் மாமியார். இன்சுலின் போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்றும் பயமுறுத்துகிறார்கள். – வாசகி, காரைக்குடி

பதில்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்தபின் 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். வெறும் வயிற்றில் 95க்குக் கீழே இருக்க வேண்டும், இருக்கிறது. ஆக, உங்கள் சிக்கல் காலைப் பலகாரத்தில். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தும். காலையில் அந்தத் தடை இன்னும் கூடுதல். மதியம் ஒத்துக்கொள்கிற அளவு அரிசி காலையில் ஒத்துக்கொள்ளாது.

இடியாப்பம் சிறியதாக இரண்டு போதும். சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலுக்குப் பதில் முட்டைக் குழம்போ, ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ வையுங்கள். பசித்தால் பத்தரை மணிக்கு மோரும் ஒரு கை வேர்க்கடலையும். சாப்பிட்டதும் வளவுக்குள்ளேயே பதினைந்து நிமிடம் நடங்கள். பயந்துபோய்ச் சோற்றை அடியோடு விடவும் கூடாது. உடம்பு கொழுப்பை எரித்து, கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் சேரும்.

கருப்பட்டியில் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். கும்மாயத்தில் பருப்பு இருக்கிறதே என்றால், அதைக் கிண்டுவது கருப்பட்டிப் பாகில். கவுனி தவிடு நீக்காத அரிசி, நல்லதுதான். நாம் அதைச் சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டல்லவா சாப்பிடுகிறோம்! வளைகாப்புக்குக் கந்தரப்பம் சுடட்டும், மற்றவர்கள் சாப்பிடட்டும்.

நேரக் கணக்கில் ஒரு திருத்தம்: சாப்பிட்டு முடித்ததிலிருந்து இல்லை, முதல் வாயிலிருந்து 2 மணி நேரம். நீங்கள் தாமதமாகப் பார்த்தே 150 என்றால், உரிய நேரத்தில் இன்னும் கூடுதலாக இருந்திருக்கலாம். 120க்குள் வர வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். பழம் தொட்ட விரல் பொய்க் கணக்குக் காட்டும்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும் 120ஐத் தாண்டினால் மருத்துவர் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தருவார். தள்ளிப்போடாதீர்கள். ஊசியில் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. உங்கள் ரத்தச் சர்க்கரைதான் போகிறது. அதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும், பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும். பிறந்து கொடி அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிட, சுரந்த இன்சுலின் மிஞ்சி, பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

இன்சுலின் தொடங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு வருகிறதா என்று கவனியுங்கள். 70க்குக் கீழே இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

பிரசவமாகி 6 வாரத்தில் அதே 75 கிராம் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், அப்புறம் ஆண்டுக்கொரு முறை. பிள்ளை பெற்றவளுக்கென்று கிண்டும் கருப்பட்டி லேகியத்தை, அந்த 6 வாரச் சோதனை முடிவு கைக்கு வரும்வரை ஒத்திப்போடச் சொல்லுங்கள்.