மந்த நாட்களில் பல் கிளினிக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பனியன் கம்பெனிகளில் ஓவர்டைம் குறைந்ததிலிருந்து கிளினிக்கில் கூட்டம் பாதியாகிவிட்டது. ரூட் கெனால் ஆரம்பித்தவர்கள்கூட வலி நின்றதும் வருவதில்லை. அடுத்த தெருவில் 2,000 ரூபாய்க்கு ரூட் கெனால் செய்கிறார்கள். நானும் கட்டணத்தைக் குறைத்துவிடலாமா?
– பல் மருத்துவர், திருப்பூர்

பதில்: முதலில் உங்கள் சேர் (நோயாளி சிகிச்சைக்கு உட்காரும் நாற்காலி) ஒரு மணி நேரம் ஓட என்ன செலவாகிறது என்று கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு: வாடகை 25,000, மூன்று ஊழியர் சம்பளம் 38,000, கரண்ட் 7,000, கடன் தவணை 20,000, மருத்துவக் கழிவு வண்டிக் கட்டணம், சர்வீஸ், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 10,000. ஆக மாதம் ஒரு லட்சம். 25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் கிளினிக் திறந்திருப்பது 200 மணி நேரம். ஆனால் நோயாளி சேரில் இருந்தது 100 மணி நேரம்தான் என்றால், ஒரு சேர்-மணிக்கு 1,000 ரூபாய்.

கடைவாய்ப் பல்லுக்கு மூன்று சிட்டிங், தலா 45 நிமிடம். சேர் செலவு மட்டும் 2,250. ஃபைல் (வேருக்குள் சுத்தம் செய்யும் மெல்லிய கருவி), பேப்பர் பாயின்ட் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி), கட்டா பெர்ச்சா (வேரை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்), மரத்துப்போக ஊசி மருந்து, எக்ஸ்ரேக்கு 500 வையுங்கள். 2,750 ஆகிவிட்டது. இதில் உங்கள் உழைப்புக்கு ஒரு பைசா சேரவில்லை. 2,000 வாங்கினால் கைக்காசுதான் கரையும். 'சேர் சும்மா கிடப்பதற்கு வருவது வரட்டுமே' என்று தோன்றும். ஒரு பல்லுக்கு அது சரி. ஆனால் குறைத்த ரேட் எல்லா நோயாளிக்கும் பொருந்திவிடும். நிலைமை சீரானாலும் அதை மறுபடி ஏற்றுவது பெரும்பாடு.

அதே ஒரு லட்சத்தில் 130 மணி நேரம் சேர் ஓடினால் மணிக்கு 770 ரூபாய்தான். அந்த 30 மணி நேரத்துக்குப் புது ஆட்களைத் தேட வேண்டியதில்லை. ஆரம்பித்துவிட்டு வராமல் போனவர்களின் கேஸ் ஷீட் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அவர்களை வரவழைப்பது அவர்களுக்கும் நல்லது. தற்காலிக ஃபில்லிங் சில வாரங்களில் ஓரத்தில் கசியத் தொடங்கும். எச்சிலோடு கிருமி உள்ளே போனால் செய்த ரூட் கெனால் வீண். கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாத கடைவாய்ப் பல் பிளக்கவும் வாய்ப்பு அதிகம். வேர் வரைக்கும் பிளந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. இதை முதல் சிட்டிங்கிலேயே எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

பணம் வாங்கும் முறையை ஊருக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். உங்கள் ஊரில் பலருக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். சனி இரவும் ஞாயிறு காலையும் கிளினிக் திறந்திருக்கட்டும். மொத்தக் கட்டணத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து, சிட்டிங்குக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் தளராதீர்கள்: பல்லின் அளவு, கேப் செய்யும் லேபுக்குப் போகும் முன் லேப் பில்லுக்கான தொகையாவது வந்துவிட வேண்டும். செய்து வந்த கேப் டப்பாவில் கிடந்தால் நஷ்டம் முழுக்க உங்களுடையது. மாதக்கணக்கில் கழித்து வந்தால் பக்கத்துப் பல் நகர்ந்து கேப் பொருந்தாமலும் போகும்.

செராமிக் கேப்புக்கு வசதி இல்லாதவருக்கு, கடைசிப் பற்களில் முழு மெட்டல் கேப் நல்ல சிகிச்சைதான், விலையும் குறைவு. நிக்கல் ஒவ்வாமை உண்டா என்று மட்டும் கேளுங்கள். கவரிங் நகை போட்டால் அரிக்கிறதா என்று கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கும் இப்போது முடியாது என்றால், பல்லின் முகடுகளைக் குறைத்து மேலே கம்போசிட்டால் (பல் நிற ஃபில்லிங் பொருள்) மூடி, தீபாவளி போனஸ் வரும்வரை பல்லைக் காப்பாற்றலாம். 'கேப் அவசியம் என்று சொல்லப்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: பாதியில் நின்ற நோயாளிகளுக்கு போன் செய்யச் சொல்கிறார் டாக்டர். பேசினால் "பணத்துக்காகக் கூப்பிடுறீங்களா?" என்கிறார்கள். எப்படிப் பேசுவது?
– கிளினிக் ரிசப்ஷனிஸ்ட், கும்பகோணம்

பதில்: பணத்தைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். பல்லில் ஆரம்பியுங்கள்: "ஐயா, டாக்டர் கிளினிக்லேருந்து பேசறேன். கீழ் வலது பக்கம் தற்காலிகமா அடைச்சிருக்கோம், அது ஒரு மாசத்துக்கு மேல தாங்காது. இப்ப கூச்சம், வலி ஏதாவது இருக்கா?" பதிலைக் கேட்ட பிறகு இரண்டு நேரம் சொல்லுங்கள்: "வியாழன் சாயங்காலம் ஆறு மணியா, ஞாயிறு பத்து மணியா?" எப்போது வருகிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றுதான் வரும். காலை 11 மணிக்கு மேல், அல்லது மாலை 5 மணி வாக்கில் கூப்பிடுங்கள். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். உங்கள் பக்கம் அறுவடைப் பணம் புழங்குவது தை, மாசியில். ஜூனில் பள்ளிக் கட்டணம் எல்லோர் கையையும் கட்டிவிடும். அந்த மாதம் "முடியாது" என்றவரைத் தை பிறந்ததும் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: மெட்டீரியல் விலை ஏறிக்கொண்டே போகிறது. பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்கிறார் டீலர். மொத்தமாக வாங்கி வைக்கலாமா?
– பல் மருத்துவர், மதுரை

பதில்: கெடாததை மட்டும். ஃபைல், பர் (பல்லைக் குடையும் முனை) எல்லாம் இறக்குமதியானால் ரூபாய் மதிப்பு சரியும்போது அடுத்த சரக்கில் விலை ஏறும், முன்கூட்டி வாங்கலாம். பாண்டிங் (ஃபில்லிங்கைப் பல்லில் ஒட்டவைக்கும் திரவம்), கம்போசிட், ஆல்ஜினேட் (பல் அளவு எடுக்கும் பொடி), ஊசி மருந்து இரண்டு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம்.

இருப்பதை வீணாக்காமல் இருப்பதில்தான் உண்மையான மிச்சம். பாண்டிங் பாட்டிலை முன்கூட்டியே கிண்ணத்தில் ஊற்றிவைப்பதும், மூடாமல் விடுவதும் பல இடங்களில் நடக்கிறது. அதிலுள்ள அசிட்டோன் அல்லது ஆல்கஹால் ஆவியாகிவிட்டால் பிடிப்பு போய்விடும். ஃபில்லிங் விழுந்து, இலவசமாக மறுபடி செய்ய வேண்டிவரும். ஆல்ஜினேட்டில் ஈரம் ஏறினால் அளவு பிசகும். மரத்துப்போகப் போடும் 30 மில்லி லிக்னோகெய்ன்-அட்ரினலின் ஊசி மருந்துக் குப்பியில் திறந்த தேதியை எழுதுங்கள். 28 நாளில் கொட்டிவிடுங்கள். மதுரை வெயிலில் அட்ரினலின் சீக்கிரம் கெடும். பழுப்பேறியிருந்தால் தேதி பார்க்காமலே கொட்டிவிடுங்கள்.

ஹேண்ட்பீஸ் (பல்லைக் குடையும் கைக்கருவி) பேரிங் போவதற்கு முக்கியக் காரணம் எண்ணெய் விடாமல் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைப்பதும், கம்ப்ரஸர் டாங்கில் தண்ணீர் தேங்குவதும். தினம் இரவு டாங்கின் அடி வால்வைத் திறந்து வடியுங்கள்.

கிருமி நீக்கத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. கையுறையைக் கழுவிப் போடுவது, ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சில் மிச்சமான மருந்தை இன்னொருவருக்குச் செலுத்துவது மஞ்சள் காமாலைக் கிருமியைப் பரப்பும் வழி. ஆட்டோகிளேவில் 121 டிகிரியை எட்டிய பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். பவுச்சில் (கருவியை வைத்து மூடும் உறை) போட்ட கருவிக்கு 30 நிமிடம் வேண்டும். பவுச்சுகளை நெருக்கி அடுக்கினால் ஆவி உள்ளே போகாது. குழாய்த் தண்ணீர் உப்புப் படியவைக்கும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். ஆட்டோகிளேவ் கிருமிகளை உண்மையில் கொல்கிறதா என்று பார்க்க வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட்.

கேள்வி: வங்கியில் கடன் தருகிறார்கள். இன்னொரு சேரும் சிபிசிடி ஸ்கேனும் (பல், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே கருவி) வாங்க நினைக்கிறேன். சரியான நேரமா?
– பல் மருத்துவர், நாகர்கோவில்

பதில்: இருக்கும் சேர் திறந்த நேரத்தில் 70 சதவீதமாவது ஓடுகிறதா? மூன்று மாதம் குறித்துப் பாருங்கள். ஓடினால் சேர் வாங்கலாம். அதிலும் தவணையோடு கூட ஓர் உதவியாளர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சிபிசிடி இப்போதைக்கு வேண்டாம். ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுங்கள், கமிஷன் வாங்காமல். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், கருவிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது. அதுவும் விலையோடு சேரும். எந்த எக்ஸ்ரே கருவியானாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் அனுமதி பெற வேண்டும்.

கேள்வி: வருமானம் குறைந்த ஆண்டிலும் பாதி வரவை லாபம் என்று காட்டித்தான் வரி கட்ட வேண்டுமா?
– பல் மருத்துவர், வேலூர்

பதில்: வேண்டியதில்லை. வருமான வரியில் 44ஏடிஏ பிரிவு என்று நாம் பழகிய உத்தேச வருமான முறையில், ஆண்டு வரவு 50 லட்சம் வரை (ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை) உள்ளவர்கள் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டலாம். கணக்குப் புத்தகம் தேவையில்லை என்பது அதன் வசதி. உங்கள் நிஜ லாபம் 30 சதவீதம்தான் என்றால், வராத பணத்துக்கும் வரி கட்டுவீர்கள். அப்படியானால் கணக்கு எழுதி, தணிக்கை செய்து, உள்ளதைக் காட்டுங்கள். ஆடிட்டர் கட்டணத்தையும் மிச்சமாகும் வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். அதற்கு பில்கள் வேண்டும்; ஏப்ரல் முதலே லேப் பில், டீலர் பில் எல்லாவற்றையும் மாதவாரியாகக் கோப்பில் போட்டு வாருங்கள்.