தடுப்பூசி போட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 30 முதல் 35 நாளுக்குள் மாதவிலக்கு வந்துவிடும். போன மாதம் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி முதல் டோஸ் போட்டோம். இந்த முறை 41 நாள் ஆகியும் வரவில்லை. 2021-ல் நான் கோவிஷீல்டு போட்டுக்கொண்டபோதும் ஒரு வாரம் தள்ளிப்போய், வழக்கத்தைவிட அதிகமாகப் போனது. டாக்டரிடம் சொன்னதற்கு, 'எல்லாம் டென்ஷன்' என்று அனுப்பிவிட்டார். எனக்கு இப்போது 43 வயது. ஒரு வருடமாக மாதாமாதம் ஒன்பது, பத்து நாள் கட்டி கட்டியாகப் போகிறது. அந்த ஊசியின் விளைவுதான் என்று விட்டுவிட்டேன். மகளுக்கும் இப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டாவது டோஸ் போடலாமா? நாளைக்குக் குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் 2021-ஐப் பேசிவிடுவோம். நீங்கள் கவனித்தது சரிதான். டென்ஷன் என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கக் கூடாது. அந்த வருடம் என்னிடம் வந்த எத்தனையோ பெண்கள் வேறு எதற்காகவோ வந்ததுபோல் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போகும்போது கதவுப் பக்கம் நின்று, "டாக்டர், ஊசி போட்டதுல இருந்து பீரியட்ஸ் முன்னபின்ன ஆகுது" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். தடுப்பூசிகளைப் பரிசோதித்தபோது காய்ச்சலையும் கைவலியையும் கேட்டுக் குறித்தார்கள். மாதவிலக்கைத் தனியாகக் கேட்கவில்லை. அதனால் எங்கள் கையிலும் பதில் இல்லை. அந்த இடத்தில் வாட்ஸ்அப் புகுந்துகொண்டது. பீரியட்ஸுக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடக் கூடாது என்று 2021 ஏப்ரலில் ஒரு செய்தி சுற்றியது. அது பொய் என்று மத்திய அரசே மறுக்க வேண்டியிருந்தது.

பதில் 2022 ஜனவரியில் வந்தது. அமெரிக்காவின் ஓரிகான் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் எடெல்மன் குழுவினர், செல்போன் செயலியில் தேதிகளைக் குறித்துவந்த 3,959 பெண்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கொரோனா ஊசி போட்டவர்களுக்குச் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நீண்டிருந்தது. ஒரே சுழற்சிக்குள் இரண்டு டோஸும் போட்டவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் போல. ரத்தம் போகும் நாட்களின் எண்ணிக்கை மாறவில்லை. இது சராசரிதான்; உங்களைப் போல ஒரு வாரம் தள்ளிப்போனவர்களும் இருந்தார்கள். அதிக ரத்தப்போக்கும் கற்பனை இல்லை. ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதையும் சேர்க்கச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2022 அக்டோபரில் பரிந்துரைத்தது.

ஏன் இப்படி? நாம் 'நாள் தள்ளிப்போச்சு' என்கிறோம். பெரும்பாலும் உண்மையில் தள்ளிப்போவது கருமுட்டை வெளியாகும் நாள். முட்டை வெளியான பிறகு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மாதவிலக்கு வந்துவிடும். அந்தப் பாதி அவ்வளவாக மாறாது. முதல் பாதிதான் இழுபடும். மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் ஹார்மோன் கட்டளைகள் காய்ச்சல், தூக்கக்கேடு, திடீர் எடைக்குறைவு எதற்கும் அசைந்துகொடுக்கும். ஊசிக்குப் பின் நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்து வேலை செய்யும் அந்தச் சில நாட்களும் அப்படித்தான். சுழற்சியின் முதல் பாதியில் ஊசி போட்டவர்களுக்கே அதிகம் தள்ளிப்போனது என்று பிறகு வந்த ஆய்வும் காட்டியது. ஒன்றிரண்டு சுழற்சிக்குள் சரியாகிவிடுகிறது.

சரி, இப்போது மகள். வயதுக்கு வந்த முதல் இரண்டு, மூன்று வருடங்களில் 21 நாள் முதல் 45 நாள் வரை எப்போது வந்தாலும் இயல்புதான். சில மாதங்களில் முட்டையே வெளியாகாது. அவளுடைய 41 நாள் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ஊசி போடாத அவள் வகுப்புத் தோழிக்கும் இதே நடக்கலாம். வரவழைக்கிறேன் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். எள்ளுருண்டை கொடுக்கிறீர்கள் என்றால் தாராளமாகக் கொடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அதற்காகத் தேதி முன்னால் வராது. 90 நாள் தாண்டினாலோ, வந்த பிறகு மணிக்கு ஒரு நாப்கின் என்று நனைந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். அந்த வயதில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு என்றால், ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதே பயம் ஜப்பானை உலுக்கியது. அங்கே 2013 ஏப்ரலில் எச்.பி.வி. ஊசி வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்ந்தது. வலி, நடுக்கம், மாதவிலக்குக் கோளாறு என்று செய்திகள் வரவே, ஜூனிலேயே அரசு அதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. பத்தில் ஏழு பெண்பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்த ஊசி, நூற்றில் ஒருவர்கூடப் போடாத நிலைக்கு வந்தது. பிறகு நகோயா நகரில் ஏறக்குறைய 30,000 இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டார்கள். ஒழுங்கற்ற மாதவிலக்கும் அதில் உண்டு. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. 2022 ஏப்ரலில் அரசு மறுபடி பரிந்துரைக்கத் தொடங்கியது. இடையில் போன ஒன்பது வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. கருப்பைவாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்களைப் பார்த்தவள் நான். பாதிப் பேர் முற்றிய பிறகே வருகிறார்கள். 17 வயதுக்கு முன் இந்த ஊசி போட்ட பெண்களிடம் அந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்ததை ஸ்வீடன் ஆய்வு 2020-ல் காட்டியது. அதனால் இரண்டாவது டோஸை உரிய நாளில் போடுங்கள். பீரியட்ஸ் நாளாக இருந்தாலும் போடலாம். கருப்பைக்கோ சினைப்பைக்கோ இதனால் கேடு இல்லை, குழந்தைப்பேற்றைத் தடுக்காது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது மகளின் 41 நாள் அல்ல, உங்களுடைய பத்து நாள். 2021-ல் போட்ட ஊசி, இத்தனை காலம் சும்மா இருந்துவிட்டு ஒரு வருடத்துக்கு முன் ரத்தப்போக்கைத் தொடங்கிவைக்காது. உங்களைப் போலவே 'ஊசியால வந்தது, தானா நிக்கும்' என்று காத்திருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெள்ளைக் காகிதம் மாதிரி. ஹீமோகுளோபின் 6. ஸ்கேனில் எலுமிச்சை அளவுக்கு ஒரு நார்க்கட்டி.

உங்களுக்கும் அதுவேதான் என்று சொல்லவில்லை. தைராய்டாக இருக்கலாம், கருப்பைச் சுவர் தடிப்பாக இருக்கலாம், மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்து ஹார்மோன் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். பார்க்காமல் தெரியாது. இந்த வாரமே ரத்த அளவு, தைராய்டு பரிசோதனை, வயிற்று ஸ்கேன் மூன்றும் எடுங்கள்; ரத்த அளவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் கருப்பை உட்சுவரில் சிறு துணுக்கு எடுத்தும் பார்ப்பார்கள். கருப்பையை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே நிறையப் பேர் வருவதில்லை. ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, இரும்புச்சத்தை ஊசியாகவே ஏற்றலாம். அறுவை சிகிச்சைக்கு அவசரமே இல்லை. யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

போகும்போது கடைசி மூன்று மாதத் தேதிகளையும், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அதை மேசை மேல் வையுங்கள். மகளின் தேதிகளை அடுப்படிக் காலண்டரில் அவளே வட்டமிடட்டும். இரண்டாவது டோஸுக்குப் பிறகு மறுபடி தள்ளிப்போனால், எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியும்.